சீனியம்மாள் வழிக்காமல் விட்ட வயிறு

ஆரப்பாளையத்தில் குழந்தைக்கு வயிறு உப்பினால் முதலில் சீனியம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். விளக்கெண்ணெயைச் சூடாக்கி, விலாவிலிருந்து தொப்புளை நோக்கி மூன்று நாள் காலையில் வழித்துவிடுவாள். நாற்பது வயதுக்குள் இருநூறு குழந்தைகளாவது அவள் மடியில் படுத்து எழுந்திருக்கும். வழிப்பதைப் பாதியில் விட்டால் வீக்கம் இரண்டு மடங்காகும் என்பது ஊர் நம்பிக்கை. அவளும் அதையே நம்பினாள்.

1938 ஆவணியில் அதே ஊர் அன்னக்கொடியின் மூன்று வயது மகள் தங்கப்பொண்ணுக்கு இடப்பக்கம் வயிறு புடைத்தது. மலேரியாவில் வீங்கும் மண்ணீரல் என்று நினைத்து முதல் நாள் அழுத்தி வழித்தாள். இரண்டாம் நாள் கை நின்றுவிட்டது. மண்ணீரல் மூச்சோடு ஏறி இறங்கும். இது அசையவில்லை, முதுகு வரை உருண்டையாக இருந்தது.

“புள்ளைக்கு மூத்திரம் எப்படிப் போகுது?”

“நேத்து செவப்பாப் போச்சு மதினி. சூடுன்னு நெனச்சேன்.”

சீனியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளினாள். “வண்டியக் கட்டுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“பாதியில விடக் கூடாதுன்னு நீதானக்கா சொல்லுவ?” என்றான் அன்னக்கொடியின் கணவன் சிவனாண்டி. “கை ஓஞ்சு போச்சுன்னா சொல்லிரு. வேற ஆளப் பாக்குறோம்.”

“வேற ஆளு கை வச்சா இந்த வாசல்லயே படுத்துருவேன் தம்பி.”

சிவனாண்டி வண்டியைக் கட்டினான். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இறங்கும்போது, வயிறு குலுங்காமல் சீனியம்மாள் குழந்தையைத் தன் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, “வயித்த யாராவது அமுக்குனீங்களா?” என்றுதான். திட்டுவாரோ என்று பயந்து, இல்லை என்றாள் அன்னக்கொடி.

“பொய்யி சாமி. நான் வழிச்சேன். நேத்துக் காலையில” என்றாள் சீனியம்மாள்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது. “சிறுநீரகத்துல புத்துநோய்மா. அதுக்கு மேல மெல்லிசா ஒரு உறை இருக்கும். அது கிழிஞ்சிருந்தா நோய் வயிறெல்லாம் சிதறியிருக்கும். திறந்து பாத்தாத்தான் தெரியும்.”

“இவ வயித்துல இருக்கும்போது கிரகணத்தன்னைக்கு வெளிய போனேன். அதனாலயா?” என்றாள் அன்னக்கொடி.

“இல்ல. கருவுல சிறுநீரகம் உருவாகுறப்போ முதிராம நின்ன சதை, பின்னால பெருகுது. ஏன் பெருகுதுன்னு எங்களுக்கே தெரியல.”

மறுநாள் காலை அறுவை. அதுவரை யாரும் வயிற்றைத் தொடக் கூடாது. ஆனால் சாயங்காலமே உறவினர் கூட்டம் வந்துவிட்டது. சிவனாண்டியின் அக்கா இருளாயி வயிற்றில் தேய்க்கத் திருநீறு கொண்டுவந்திருந்தாள்.

“நெத்தியில வைங்க” என்று குறுக்கே நின்றாள் சீனியம்மாள்.

“ஊர்ப் புள்ள வயித்தெல்லாம் அமுக்குனவ எனக்குச் சட்டம் சொல்லுறியா?”

“அமுக்குனவதான் சொல்லுறேன். நெத்தியில வைங்க.”

அறுவை இரண்டு மணி நேரம். சீனியம்மாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாக்டர் வெளியே வந்து அவளைத் தேடினார்.

“சிறுநீரகத்தோட சேத்துக் கட்டிய முழுசா எடுத்தாச்சு. உறை கிழியல. ஒரு எடத்துல ரத்தம் கன்றியிருந்துச்சு. இன்னொரு தரம் வழிச்சிருந்தா தாங்கியிருக்காது.”

அது முடிவல்ல என்றும் சொன்னார். மிச்சம் இருந்தால் நுரையீரலில் முளைக்கலாம்; பட்டணத்தில் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சும் புது சிகிச்சை கொடுக்க வேண்டும்; பிழைப்பவர்கள் குறைவு; இரண்டு வருடம் தாண்டினால் நம்பலாம்.

பட்டணத்துக்குச் சீனியம்மாளும் ரயிலேறினாள்.

1940 ஆவணியில் அதே டாக்டர் தங்கப்பொண்ணைப் படுக்க வைத்து வயிற்றை ஆழமாக அமுக்கிப் பார்த்தார். குழந்தை கூச்சத்தில் சிரித்தது. “ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா” என்றவர் சீனியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். “நீங்களும் தொட்டுப் பாருங்கம்மா.”

“நீங்க பாத்தாப் போதும் சாமி” என்று அவள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.