கோப்பைக்குக் கைதட்டிய அப்பா

அமெரிக்க ஊரான ஐசலினில், டிபன் கடை டிவியில் இன்று களிமண் தரை டென்னிஸ் இறுதி ஆட்டம். பதின்ம வயதுப் பெண் ஒருத்தி பெரிய கோப்பையை வென்றாள்.

பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். "என்ன டெடிகேஷன், பாத்தீங்களா அங்கிள்!"

அவர் மகள் மெல்லக் கேட்டாள்: "அப்பா, ப்ளீஸ், கேன் ஐ ஸ்டே ஆன் த டென்னிஸ் டீம்?"

"காலேஜ் அப்ளிகேஷன்ல போட, ஆடின வரைக்கும் போதும்மா. இனிமே எஸ்ஏடி பரீட்சைக்கு கிளாஸ்தான்."

சுவரில் பந்தடித்தே ஆடக் கற்றவன் நான். சும்மா இருப்பேனா?

"கோப்பை ஜெயிச்ச அந்தப் பொண்ணுக்கு நீங்க அப்பாவா இருந்திருந்தா, இன்னிக்கு யாருக்குக் கைதட்டியிருப்பீங்க?"

"அங்கிள், உங்களுக்கு இந்த ஊர் சிஸ்டம் தெரியாது."

மகள் தோசையைப் பாதியில் விட்டுவிட்டுக் காருக்குப் போய்விட்டாள்.

வீடு வந்து பார்த்தால், நம் தமிழ் வாட்ஸப் குழுவில் அதே மனிதர் கோப்பைப் படத்தைப் போட்டு, "பிள்ளைகளின் கனவுக்குத் துணை நில்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார்.

அதற்கு இதயம் போட்டவர்களே, உங்கள் கராஜில் எத்தனை டென்னிஸ் மட்டைகள் கிடக்கின்றன?