அண்ணன் போயிட்டாரு

பிழைக்க மலாய் நாட்டுக்கு, பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த புதிதில், என் அப்பா வயதுக்காரர் ஒருவர் "அண்ணே, ஒரு தே தாரிக்" என்றார். யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. நான் தேநீர் ஆற்றும் அந்த உணவுக்கடையில் எல்லாருக்கும் எல்லாரும் அண்ணன்தான். முதலாளியும் அண்ணன், வாழையிலை கொண்டுவருபவரும் அண்ணன். எனக்கோ ஊரில் ஒரே ஒரு அண்ணன். அந்தச் சொல்லை இப்படி வாரியிறைக்கிறார்களே என்று ஆரம்பத்தில் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நாட்டின் குறுக்கே பத்து நாள் சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்தது. வெளிநாட்டு வீரர்களின் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஆகவே கடையில் ஆளுக்கொரு பட்டம் வைத்துவிட்டார்கள். முன்னணியில் இருந்த இருவரில், வயதான ஐரோப்பியர் 'அண்ணன்'. மலையேறுவதில் சூரனான, மீசை அரும்பாத கொலம்பியா பையன் 'தம்பி'. கிள்ளானிலிருந்து வரும் லோரி டிரைவர் முனியாண்டி அண்ணன் கட்சி. ஷா ஆலமில் குமாஸ்தாவாக இருந்த சிவா தம்பி கட்சி.

"மலையில தம்பி போத்தோங் பண்ணி முன்னால போயிருவான் லா. ஒங்க அண்ணனுக்கு மூட்டுவலி" என்பார் சிவா.

"மூட்டுவலியோட ஏழு நாளா முன்னால நிக்கிறாரு பாஸ். அவரு சும்மா கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருப்பாரு. நேரம் பாத்து பிச்சிக்கிட்டு ஓடுவாரு. போயிட்டாருன்னா போயிட்டாருதான். அப்புறம் எவனும் புடிக்க முடியாது" என்பார் முனியாண்டி.

பந்தயம் தொடங்கிய அன்று இவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "பத்து நாளும் சைக்கிளிலேயே எப்படிக் குளிப்பார்கள்?" என்று கேட்டேன். கடையே சிரித்தது. இவர்கள் மாலையில் இறங்கி விடுதியில் தூங்கிவிட்டு மறுநாள் மீண்டும் ஓட்டுவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கம் நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டுவதென்றால் கால் தரையில் படக்கூடாது. என் அண்ணனே ஓட்டியிருக்கிறார். சந்தைத் திடலில் குழாய் விளக்கு கட்டி, ஒலிபெருக்கி வைத்து, ஏழு நாள் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தார். சாப்பாடு, குளியல், முகச்சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. நான் கூடவே ஓடிச் சொம்புத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றுவேன். ஏழாம் நாள் மாலை போட்டு இறக்கிவிட்டபோது அவருக்கு நடக்க வரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்தார். கடையில் இதைச் சொன்னபோது முனியாண்டி மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "அவருதான் லா உண்மையான சேம்பியன்" என்றார். அன்றிலிருந்து நானும் அண்ணன் கட்சி.

அந்த அண்ணன்தான் அப்போது மஞ்சள்காமாலை முற்றித் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் பாஸ்போர்ட்டோ பெர்மிட் புதுப்பிக்கப் போயிருந்தது. திரும்பி வர மூன்று வாரமாவது ஆகும். "கையில இருந்தா இன்னைக்கே அனுப்பிருவேன் தம்பி" என்று முதலாளி உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரையாவது குறை சொல்ல முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அண்ணியின் தம்பி ஒருநாள் விட்டு ஒருநாள் டெலிபோன் பூத்திலிருந்து கடைக்குப் பேசுவான். நான் தேநீர் ஆற்றிக்கொண்டே மணியடிப்பதற்குக் காத்திருப்பேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

எட்டாம் நாள் மலைப் பந்தயம். பாதிப் பந்தயம் அங்கேதான் தீரும் என்றார்கள். தொலைக்காட்சியில் அப்புறம்தான் காட்டுவார்கள் என்பதால், சிவாவின் சித்தப்பா மகன் மலையுச்சியிலிருந்து கடைக்குப் போன் செய்வதாக ஏற்பாடு. மத்தியானத்திலிருந்தே பத்துப் பன்னிரண்டு பேர் கல்லாவைச் சுற்றி நின்றார்கள். அன்று ஊரிலிருந்து எனக்குப் போன் வரும் நாள் இல்லை. நான் பின்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. முனியாண்டி பாய்ந்து எடுத்தார். "ஹலோ! ஹலோ! சத்தமா சொல்லுங்க!" ஒரு நொடி கேட்டார். பிறகு ரிசீவரை உயர்த்திப் பிடித்துக் கூவினார்: "அண்ணன் போயிட்டாரு! அண்ணன் போயிட்டாரு!"

கடை அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள். முனியாண்டி ரிசீவருக்குள், "சூப்பர்! ரொம்ப தேங்க்ஸ் லா!" என்று கத்தினார். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. நான் கரண்டியோடு ஓடிவந்து கைதட்டினேன். ஆமாம், நானும் தட்டினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அரைமணி நேரம் கழித்து மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை சிவா எடுத்தார். "தம்பிதான் லா ஃபர்ஸ்ட்! அண்ணன் மூணு நிமிஷம் பின்னாலயாம்!" என்று குதித்தவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "என்னது, இப்பதான் மொதத் தடவையா போன் பண்றே? அப்ப முன்னால பேசுனது யாரு?"

முனியாண்டி என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"கொரல் ஒடைஞ்சிருந்திச்சு அண்ணே. மலையேறுன மூச்சுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "தேங்க்ஸ் சொன்னேனே... ஐயோ, தேங்க்ஸ் சொன்னேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரைத் தேற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அழுவதற்குக்கூட எனக்கு முறை வரவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் அண்ணனை எரித்துவிட்டார்கள். மறுநாள் அண்ணியின் தம்பி பேசினான். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "நேத்து போனை எடுத்துட்டு கைதட்டிச் சிரிச்சாங்களே, அது யாரு மாமா?" லைன் மாறிப் போயிருக்கும் என்று பொய் சொன்னேன். நம்பினானா, தெரியாது. சைக்கிள் பந்தயத்தை அந்த இழவு வீட்டுக்கு எப்படி விளக்குவது?

மூன்றாம் நாள் ஊரில் பால் தெளிப்பு. அதே நேரத்தில் கிள்ளான் பக்கத்துக் கடலிலாவது எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்று நினைத்தேன். முனியாண்டி தன் லோரியில் கூட்டிப்போகிறேன் என்று வந்து நின்றார். பந்தயத்தின் கடைசி நாளும் அதுவே என்பது எங்கள் இருவருக்குமே மறந்துவிட்டது. லோரி சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. எள்ளுத் தண்ணீர்ச் சொம்போடு நாங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது பந்தயத்துக்காகச் சாலையை மறித்துக் கயிறு கட்டிவிட்டார்கள்.

போலீஸ்காரர் கையைக் காட்டி, "துங்கு, துங்கு" என்றார். காத்திரு என்று அர்த்தம். இந்த நாட்டில் நான் முதலில் கற்ற சொற்களில் ஒன்று. அப்புறம் அவர் பார்வை சொம்பின் மேல் விழுந்தது. "ஆயர்? பாகுஸ்!" என்று முகம் மலர்ந்தார். வீரர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நல்ல காரியம் என்று என் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். விளக்கிச் சொல்ல என்னிடம் மலாய் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

வந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் வண்ணச் சட்டைகளாகப் பாய்ந்து போனார்கள். தம்பி முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையில் போனான். கூட்டம் "கோ! கோ!" என்றும் "போ! போ!" என்றும் கத்தியது. முனியாண்டி என் முழங்கையைப் பிடித்து, "அதோ, அவருதான்" என்று மட்டும் சொன்னார். நரைத்த கிருதா, வியர்வையில் பளபளத்த கழுத்து. தோற்றுப்போன மனிதர், கடைசி வரிசையில் தலை குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். முனியாண்டி வாயை இறுக மூடிக்கொண்டார். நான் கயிற்றுக்கு மேல் எக்கி, "வாங்கண்ணே! வாங்கண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பவில்லை.

கயிற்றை அவிழ்த்தார்கள். சொம்பைப் பார்த்தேன், பாதிதான் இருந்தது. மீதி எள்ளும் தண்ணீரும் பிரிக்பீல்ட்ஸ் தார்ச்சாலையில் சிந்திக் கிடந்தன. சனங்கள் அதை மிதித்துக்கொண்டு இரண்டு பக்கமும் போனார்கள். இருந்த பாதியைக் கையால் மூடிக்கொண்டு நான் லோரியில் ஏறினேன்.