நெருஞ்சிக்குப் பயந்த கால்

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஆவடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களின் வழக்கமான நெரிசல். எங்கள் செக்‌ஷனில் வேலை பார்க்கும் தாமஸ், இரவு ஷிப்டு முடிந்து ஆவடியிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். "ஏழுமல போய்ட்டாம்ப்பா," என்றார். "எங்கே போனான்?" என்று கேட்டேன். அவர் என் தோளைப் பிடித்தபோதுதான் புரிந்தது.

முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சைக் கரிக்கிறது என்று ஒரு சோடா வாங்கிக் குடித்தானாம். வாயுப் பிடிப்பு என்று மனைவி அம்சாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லையாம். ஊரில் யாருக்கு எங்கே வலித்தாலும் நிறுத்தி வைத்து விசாரிக்கிறவன், தன் நெஞ்சை மட்டும் ஒரு சோடாவோடு விட்டுவிட்டான். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஏழுமலையை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவனோடு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஓடிய நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். அவன் முத்தாபுதுப்பேட்டைக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்துப் பிழைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாக ஆவடித் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைந்தவன் அவன். நான் கோவில்பட்டிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவன், பூந்தமல்லிக்கு மாறியது பிற்பாடு. பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றோம். "நீ பேசறது இன்னா பாஷ அண்ணாத்தே, ஒண்ணும் பிரில," என்பான். "நீ பேசுறது தமிழ்னு ஒனக்கு எவன்யா சொன்னான்?" என்பேன். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தொழிற்சாலை ரிலே அணியில் நான் மூன்றாவது ஆள், ஏழுமலை கடைசி ஆள். நான் கோலைக் கொடுக்கும்போது அணி எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் அவன் கவலைப்பட மாட்டான். வாங்கினால் போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். ஷூ போட்டு ஓடுவது அவனுக்குப் பிடிக்காது. எங்களில் பாதிப் பேர் வெறுங்கால்காரர்கள்தான். மீதிப் பேரிடம் இருந்ததும் அடி தேய்ந்த கேன்வாஸ் ஷூ.

மைதானம் இருந்தது, ஆனால் அதில் நெருஞ்சி மண்டியிருந்தது. மழை பெய்தால் மஞ்சள் பூவாகப் பூத்துக் கிடக்கும், வெயில் ஏறினால் அத்தனையும் முள். எவ்வளவு பெரிய ஓட்டக்காரனாக இருந்தாலும் நெருஞ்சி குத்தினால் ஒற்றைக்காலில் நிற்க வேண்டியதுதான். ஆகவே நாங்கள் தொழிற்சாலை மதிலை ஒட்டிப் போகும் காங்கிரீட் சாலைக்கு மாறினோம். கனமான வண்டிகள் போவதற்காகப் போட்ட சாலை அது. "ஒரு முள்ளு கெடயாது, ஒரு கல்லு கெடயாது. கண்ண மூடிகினு ஓடலாம் அண்ணாத்தே," என்று அதைக் கண்டுபிடித்தவன் ஏழுமலைதான். மழை, வெயில் பாராமல் காலையும் மாலையும் அதில் ஓடினோம். உள்ளங்காலைக் காப்பாற்றினால் காலைக் காப்பாற்றியதாக நினைத்தோம். வயலில் முள்ளோடு வளர்ந்தவர்களுக்குக் காலின் எதிரி முள்தான், வேறொன்று இருக்கும் என்று தோன்றவில்லை.

தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்பு அவனுக்கு இடது காலில் வலி தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடம். அம்சா மணலை வறுத்து ஒற்றடம் கொடுத்தாள். இவன் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஓடினான். நான் கேட்டதற்கு, "நோவு வந்தா குந்தக் கூடாது. ஓட ஓட அதுவே பூடும்," என்றான். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அதுதான். அந்தப் போட்டியில் ஜெயித்தால் அணி டெல்லிக்குப் போகும். அரக்கோணத்தைத் தாண்டி ரயிலில் போகாதவன் ஏழுமலை. ஸ்வெட்டர்கூட இரவல் சொல்லி வைத்திருந்தான்.

போட்டியன்று அவனிடம் கோலைக் கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். வளைவில் ஒருவனைத் தாண்டினான். அடுத்தவனைத் தாண்டப் போகும்போது காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. யாரும் தள்ளவில்லை, தடுக்கவில்லை. சமதரையில் அவன் விழுந்தான். பக்கத்தில் ஓடிப் போய்ப் பார்த்தபோது கோல் இன்னும் அவன் கையில் இருந்தது. "சொம்மா ஓடிகினு இருந்தேன் அண்ணாத்தே, சொம்மாதான் ஓடிகினு இருந்தேன்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மாவுக்கட்டு போட்ட எலும்பு டாக்டர் நிதானமானவர். சும்மா ஓடியவனுக்கு எப்படி எலும்பு ஒடியும் என்று நான் கேட்டபோது, என் பேண்ட்டையே முழங்கால் வரை சுருட்டச் சொல்லி, கீழ்க்காலின் முன்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். "இங்க பாருங்க, பின்னாடி கெண்டைச் சதை இருக்கு. முன்னாடி ஒண்ணுமில்லை. தோலுக்கு அடியில நேரா எலும்பு. உடம்போட பாரம் பூரா இது வழியாத்தான் தரைக்குப் போகுது. ஒவ்வொரு அடிக்கும் இதுல தேய்மானம் இருக்கும். ஓய்வு கொடுத்தா எலும்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கும். மண்ணுத் தரைன்னா அடியை அதுவும் கொஞ்சம் வாங்கிக்கும். நீங்க ஓடினது காங்கிரீட். அது வாங்காது, திருப்பிக் கொடுக்கும். முதல்ல மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விடும். இவரு அந்த விரிசலோடயே ஓடியிருக்காரு."

கட்டிலில் படுத்திருந்த ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். டாக்டர் போனதும் கூரையைப் பார்த்தபடி, "முள்ளுக்குப் பயந்துகினு எலும்ப ஒட்ச்சிக்கினேன்," என்றான். சிரிக்கத்தான் சொன்னான். எங்களால் சிரிக்க முடியவில்லை. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, சேர நாளாகும் என்று டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் அவன் நடந்தான், வேலைக்கு வந்தான். போட்டியில் மட்டும் அதன் பிறகு ஓடவில்லை.

வேறொருவன் என்றால் மைதானத்துப் பக்கமே வந்திருக்க மாட்டான். ஏழுமலை வீட்டிலிருந்த களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்தான். ஷிப்டுக்கு முன்னால் மைதானத்தில் குந்தி, நெருஞ்சியை வேரோடு கொத்தி எடுக்கத் தொடங்கினான். அம்மா களை எடுத்த கை அவனுக்கும் வாய்த்திருந்தது. பூக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும், காய்த்துவிட்டால் அடுத்த வருடத்துக்கும் விதைத்துவிட்டுத்தான் போகும் என்பான். மழைக்காலம்தோறும் அது முளைத்தது, அவனும் குந்தினான். பையன்கள் மண்ணில் ஓட ஆரம்பித்தார்கள். காங்கிரீட் சாலையில் யாராவது ஓடுவதைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சண்டை போடுவான். கால் வலி என்று யாராவது வந்தால் முன்னெலும்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை அழுத்திக்கொண்டே வருவான். நீளமாக வலித்தால் "சதை இஸ்துக்கினு கீது, ரெண்டு நாள் குந்து" என்பான். ஒரே புள்ளியில் துள்ளினால், "பந்தா வேணாம் மாமே, ஓட்டத்த நிறுத்து," என்பான். 'எலும்பு டாக்டர்' என்று கேலி செய்தோம். அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவன் மகள் கஸ்தூரி காலையில் அவனோடு மைதானத்துக்கு வருவாள். அவனுக்கு எலும்பு ஒடிந்தபோது அவள் கைக்குழந்தை. பத்து வயதிருக்கும்போது ஒரு நாள் பையன்களோடு சேர்ந்து அவளும் ஓடினாள். ஏழுமலை கொத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். அப்பனின் ஓட்டம் அப்படியே இருந்தது, அதே தோள், அதே கை வீச்சு. "அப்பன் உட்டத பொண்ணு புடிக்கும்," என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் அவளுக்கு ஆவடி மார்க்கெட்டில் ஷூ வாங்கினான். இரண்டு வருடம் அவள் ஓடும்போதெல்லாம் தானே ஓடுவதுபோல் இருந்தான்.

பிறகு அவளுக்கும் கால் வலித்தது. பள்ளிக்கூட பெஞ்சில் இடித்துக்கொண்டாளாம், காயம்கூட இல்லை. ஏழுமலை கட்டைவிரலால் அழுத்தினான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் அவள் அலறினாள். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. விரிசல்தான். நம் கதை பொண்ணுக்கு வரக் கூடாது என்று ஓட்டத்தை உடனே நிறுத்தி, அவளைப் படுக்க வைத்தான். எப்பேர்ப்பட்ட தகப்பன் என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம்.

வலி குறையவில்லை. படுத்திருக்கும்போதே அழுதாள். உடம்பு சுட்டது, அம்சா ஜுர மாத்திரை கொடுத்தாள். வலித்த இடம் சிவந்து கொதித்தது. "டாக்டராண்ட இட்னு போலாமே," என்று அம்சா சொன்னபோது, "எனக்கு சேர எம்மா மாசம் ஆச்சி? பொறுக்கணும்மே," என்றான். காலைத் தரையிலேயே ஊன்ற முடியாமல் போன பிறகுதான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

விரிசல் இல்லை. எலும்புக்குள் சீழ் கட்டியிருந்தது. அடிபட்ட இடத்தில் கிருமி போய்த் தங்கிவிட்டதாம், வளரும் பிள்ளைகளுக்கு அப்படி வருவதுண்டாம். எலும்பைத் திறந்து சீழை எடுத்து, செத்த பகுதியைச் சுரண்டினார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் முழங்காலருகே எலும்பு வளர்கிற இடம் கெட்டுவிட்டது. மற்ற கால் வளர, இந்தக் கால் நின்றுவிட்டது. இனி ஓட முடியாது என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஏழுமலை தன் விரிசல் கதையைச் சொல்லி அழுதான். அவர் திட்டவில்லை. "விரிசல் வலி ஓடினா வரும், படுத்தா அடங்கும். படுத்திருக்கும்போதும் வலிச்சுது, காய்ச்சலும் இருந்துது, இல்லையா? எங்க வலிக்குதுன்னு பார்த்தீங்க. எப்ப வலிக்குதுன்னு கேட்கலையே," என்றார்.

அன்றோடு அவன் யார் காலையும் அழுத்துவதை விட்டான். கால் வலி என்று யார் வந்தாலும், "நான் டாக்டர் இல்லப்பா. எங்க நோவுது, எப்போ நோவுது, ரெண்டத்தயும் அவராண்ட போய்ச் சொல்லு. இன்னிக்கே போ," என்பான். மகளின் வலது செருப்புக்குத் தடித்த ரப்பர் வைத்துத் தைக்க அவனே பூந்தமல்லி வரை கொண்டுபோவான். அவள் வளர வளர ரப்பரும் தடித்தது. ஒருமுறை வேலையில் அவன் கண் செருகுவதைப் பார்த்து, தூங்கவில்லையா என்று கேட்டேன். "தூக்கம் வர்ல அண்ணாத்தே. ஊட்ல அவ நடக்கற சத்தம் ஒரு அடி ஒரு மாதிரி, இன்னொரு அடி ஒரு மாதிரி கேக்குது. அவ தூங்கிட்டாலும் கேட்டுகினே கீது. ஓடற கால நாந்தான் புடுங்கிட்டேன்," என்றான். எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் உள்ளே போகவில்லை. மைதானத்தில் நெருஞ்சி எடுப்பதை மட்டும் விடவில்லை. கடைசி வாரம் வரை குந்தினானாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். கஸ்தூரி இப்போது காலேஜ் பெண். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவள் காலைப் பார்த்துவிட்டு, "ஓட வேண்டிய பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு ஓடறதே புடிக்காது அங்கிள்."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு சொம்மா விளையாட்டுக்கு ஓடினேன். அப்பா மொகத்தப் பாத்தேன், அப்பால நிறுத்த முடியல. அவருக்காகத்தான் ஓடினேன். இனிமே ஓட முடியாதுன்னு டாக்டர் சொன்னப்போ அப்பா அழுவறாரு, எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. அத்த எப்படிச் சொல்றது? அவருக்குப் புடிச்சது எனக்குப் புடிக்கலன்னா இன்னும் ஒடைஞ்சிடுவாருன்னு நெனச்சேன். நாளைக்கி சொல்லலாம், நாளைக்கி சொல்லலாம்னு..." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "சொல்லியிருந்தா தூங்கியிருப்பாரா அங்கிள்?"

தூங்கியிருப்பான். அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "ஒன்மேல தப்பில்லம்மா," என்றேன். அதுவும் உண்மைதான். ஆறு வருடமாக ஒரு வீட்டுக்குள் ஒருவர் மனசை மற்றவர் நோகடிக்கக் கூடாது என்று இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்கே நோகிறது, எப்போது நோகிறது என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லி ஊரையே அனுப்பியவன், உனக்கு இது பிடிக்கிறதா என்று மகளை ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

கிளம்பும்போது அம்சா அவன் களைக்கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க வெச்சிக்கோங்க, இங்க இத்த பாக்க முடியல," என்றாள். பிடி அவன் கைக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கிறது, என் கைக்குச் சரியாக உட்காரவில்லை. அவனிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுதான். உங்களில் யாராவது காலையில் மைதானத்துப் பக்கம் வந்தால், குந்த முடியாமல் குந்தியிருக்கும் ஒரு கிழவனைப் பார்ப்பீர்கள். சிரிக்காமல் வந்து இரண்டு செடி பிடுங்கிப் போடுங்கள்.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன் போனேன். அவன் விட்ட இடத்துக்கு அப்பால் நெருஞ்சி பூத்துக் கிடந்தது. மைதானத்தில் யாரும் இல்லை. முதல் செடியைக் கொத்தி எடுத்துப் போட்டுவிட்டு, அவன் பக்கத்தில் குந்தியிருந்தால் எப்படிச் சொல்வேனோ அப்படியே வாய்விட்டுச் சொன்னேன். "ஏழுமல, ஒம் பொண்ணுக்கு ஓடவே புடிக்காதாம்யா. இனியாவது தூங்கு."