பாங்கு நேரத்தில் பறந்த விமானம்

பிள்ளைகளே, சவூதியிலிருந்து நான் கொண்டுவந்த மரப்பெட்டியைத் திறந்தபோது வீட்டில் எல்லாருக்கும் ஏமாற்றம். உள்ளே இருந்தது நாலடி இறக்கை உள்ள ஒரு சின்ன விமானம். காகிதம் ஒட்டிய மெல்லிய மரம், மூக்கில் தீப்பெட்டி அளவு எஞ்சின்.

"மச்சான், ஊரெல்லாம் கசட் ரேடியோ கொண்டு வாறாங்க. நீங்க கொக்கு ஒண்டப் புடிச்சிக்கி வந்திரிக்கீங்க" என்று உங்கள் மாமா சிரித்தார். உங்கள் உம்மா சிரிக்கவில்லை. "இது ஆரிட தலையில உழப்போகுதோ" என்றாள்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அங்கே நான் தச்சு வேலை செய்த இடத்தில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வெள்ளிக்கிழமைகளில் மணல்வெளியில் இதைப் பறக்கவிடுவார். உடைந்த இறக்கைகளை நான் சரிசெய்து கொடுப்பேன். தன் ஊருக்குத் திரும்பிப் போகும்போது அவர் அதை என்னிடமே கொடுத்துவிட்டார். பறக்கவிட எனக்குப் பாதிதான் தெரியும். அங்கே நான் தடுமாறினால் அவர் என் கையிலிருந்து ரேடியோப் பெட்டியைப் பறித்து விமானத்தைக் காப்பாற்றுவார். இங்கே பறிக்க ஆளில்லை.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். அதில் நீளமான ஏரியலும் இரண்டு குச்சிகளும் இருக்கும். ஒரு குச்சியை அசைத்தால் விமானம் இடது வலதாகத் திரும்பும். மற்றதை அசைத்தால் ஏறும், இறங்கும். நடுவில் பெட்டியை நிறுத்தும் சுவிட்ச், பக்கத்தில் பெட்டி ஓடும்போது எரியும் சிவப்பு லைட். எஞ்சினை நிறுத்த வழியில்லை. மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் ஈதரும் கலந்து ஊற்றினால் தீரும்வரை ஓடும். எட்டு நிமிடம் என்று மணிக்கூடு வைத்துப் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு அது சத்தமில்லாமல் கீழே வரும்.

கல்முனைக்கு மேற்கே மாடு மேயும் புல்வெளி ஒன்று இருந்தது. அதற்கும் மேற்கே வயல்வட்டை. இரண்டு முறை வட்டையில் ஆளில்லாத நாள் பார்த்துப் பறக்கவிட்டேன். இரண்டு முறையும் விமானம் முழுசாகக் கீழே வந்தது. மூன்றாவது முறை போனபோது வட்டையில் சிறுபோக அறுவடை தொடங்கியிருந்தது. தூரத்தில் குனிந்த முதுகுகள் தெரிந்தன. நெற்கதிரைச் சூடு மிதிக்கும் டிரக்டரின் சத்தமும் கேட்டது. இரண்டு கிழமை பொறுத்திருக்கலாம். 'நான் கிழக்குப் பக்கமாகவே வைத்துக்கொள்வேன்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமா விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தார். ஏறியது. மூன்று நிமிடம் அதைத் தலைக்கு மேலேயே சுற்றவைத்தேன். பிறகு குச்சிகளிலிருந்து விரலை எடுத்துப் பார்த்தேன். அது தானாகவே அழகாக வட்டம் போட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

நம் வீடுகளில் பாங்கு கேட்டால் ரேடியோவை நிறுத்துவோம். பாட்டு நடுவில் இருந்தாலும் சரி, செய்தி நடுவில் இருந்தாலும் சரி. யாரும் சொல்லவேண்டியதில்லை, கை தானாகப் போகும். அன்றும் என் பெருவிரல் தானாகப் போய்ச் சுவிட்சைக் கீழே தட்டியது. தட்டியது எனக்கே தெரியாது. லேஞ்சியை எடுத்துத் தலையில் போட்டேன். பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டு விமானத்தைப் பார்த்தபடி நின்றேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் கடற்காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே தள்ளிக்கொண்டு போனது. அதைக் கவனிக்காமல், எவ்வளவு ஒழுங்காகப் பறக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

பாங்கு முடிந்தது. திருப்புவதற்குக் குச்சியை இழுத்தேன். திரும்பவில்லை. முழுசாக இழுத்தேன். அப்போதும் இல்லை.

"பெட்டி பழுதாப் பெய்த்து" என்று கத்தினேன்.

மாமா எட்டிப் பார்த்தார். "லைட்டு எரியல்லியே மச்சான். நீங்கதானே நிப்பாட்டின?"

"நானா? எப்ப?"

"பாங்கு செல்லக்குள்ள. நான் கண்டன். மரியாதைக்கு நிப்பாட்டிரிக்கீங்க எண்டு நெனச்சன்."

சுவிட்சை மேலே தட்டினேன். சிவப்பு லைட் வந்தது. ஆனால் விமானம் ஒரு புள்ளியாகியிருந்தது. அது எங்களை நோக்கி வருகிறதா, எங்களை விட்டுப் போகிறதா என்றே தெரியவில்லை. இடப்பக்கம் இழுத்தேன். புள்ளி அசைந்ததுபோல் இருந்தது. அடுத்த கணம் சாய்ந்த வெயிலுக்குள் போய் மறைந்துவிட்டது. காணாத விமானத்தை எந்தப் பக்கம் திருப்புவது? தவறாக இழுத்தால் குத்துக்கரணமாக யார்மேலாவது இறங்கும். குச்சியை விட்டுவிட்டேன்.

"ஏறி எத்தின நிமிசம்?"

மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். "அஞ்சர நிமிசம்."

எண்ணெய் தீர இன்னும் இரண்டரை நிமிடம். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வட்டைக்குள் ஓடினேன். கையில் பெட்டி, முன்னால் ஏரியல் ஆடிக்கொண்டிருந்தது. வரம்பு வழுக்கியது. அறுத்த தாளின் வெட்டுக்கட்டை காலைக் குத்தியது. எஞ்சின் சத்தம் மேலே எங்கோ கேட்டது, டிரக்டர் சத்தம் வந்து அதை மூடியது. அறுக்கிறவர்களுக்கு அது கேட்டிருக்கவே மாட்டாது.

"மேல பாருங்க! மேல பாருங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

வட்டைக்குள் ஒருவன் கத்திக்கொண்டு ஓடிவந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எல்லாரும் நிமிர்ந்து கீழேதான் தேடினார்கள்.

"எந்தப் பக்கத்தால, காக்கா, மாடு பூந்திச்சு?" என்று என்னை அண்ணன் முறை வைத்து ஒருவர் கதிர்க்கத்தியோடு கேட்டார்.

"மாடு இல்ல! மேல!"

அவர் என்னையும் ஏரியலையும் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "வெயிலுக்கு இவருக்கு என்னமோ பெய்த்து" என்றார்.

அப்போது டிரக்டர் நின்றது. ஆகாயத்திலும் சத்தம் இல்லை. எஞ்சின் நின்றுவிட்டது. விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கே? யாரோ அலறப்போகிறார்கள் என்று காத்து நின்றேன்.

அலறல் வரவில்லை. வாய்க்கால் கரையில் நின்ற மருத மரத்தடியிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு வந்தது.

ஆலையடிவேம்புப் பக்கமிருந்து அறுவடைக்கு வந்தவள் அவள். விமானத்தை வாலில் பிடித்துத் தூக்கி வைத்திருந்தாள். "காக்கா, இது உங்கடயா? சத்தமே இல்லாம வந்து இதில குந்திச்சு. நான் இப்பதான் தண்ணி குடிக்க வந்தன். நல்ல வடிவான சாமான்!"

மரக்கிளையில் சேலையால் ஏணை கட்டியிருந்தது. உள்ளே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. விமானத்தின் மூக்கு மண்ணில் தோண்டிய குழி, ஏணையிலிருந்து ஒரு கை நீளத்தில் இருந்தது.

பின்னால் ஓடிவந்த மாமா எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். என் காதோடு, "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டும் நடக்கல்ல. வாங்கிக்கி வாங்க, போவம்" என்றார்.

போயிருக்கலாம். அவளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். என் கால் நகரவில்லை.

"தங்கச்சி, இது வெளையாட்டுச் சாமான் இல்ல" என்றேன். "இந்தா, மூக்கில சுத்துற இந்தக் காத்தாடி வெரலையும் வெட்டும். இது நான் ஓட்டி இஞ்ச வரல்ல. நான் மறந்து கைய உட்டுட்டன். அது தன்பாட்டில வந்திரிக்கி. கொஞ்சம் அங்கால வந்திருந்தா…"

மண்ணில் இருந்த குழியைக் காட்டினேன். அவள் குழியைப் பார்த்தாள். ஏணையைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. விமானத்தைக் கீழே போட்டுவிட்டுத் தூங்கிய குழந்தையை அள்ளி எடுத்தாள். அது அழத் தொடங்கியது.

"ஏன் காக்கா இத எனக்குச் சொன்னீங்க?" என்றாள். "இனி நான் எப்பிடிக் குனிஞ்சி அறுக்கிற?"

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். என் பயத்தில் பாதியை அவள் தலையில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

"அறுவட முடியிற மட்டும் இது ஏறாது. அல்லாஹ்வுக்காகச் சொல்றன்."

அவள் தலையை ஆட்டினாள். நம்பியது மாதிரித் தெரியவில்லை. குழந்தையின் அழுகை அடங்கியதும் அதை மறுபடி ஏணையில் போட்டாள். "அப்ப நீங்க இதில இருந்து புள்ளயப் பாத்துக்கங்க. நான் என்ட வரிசைய முடிச்சுப்போட்டு வாறன்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

மாமா விமானத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் வாய்க்கால் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு எடுத்து, ஏணையை விட்டு எட்டப் போகாமல் அஸர் தொழுதேன். பிறகு பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தேன். குழந்தை இரண்டு முறை சிணுங்கியது, கயிற்றை ஆட்டினேன். அவள் ஒவ்வொரு பிடி அறுத்ததும் நிமிர்ந்தாள். முதலில் ஏணையைப் பார்த்தாள், பிறகு ஆகாயத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த நானும் ஒவ்வொரு முறையும் அவளோடு சேர்ந்து நிமிர்ந்து பார்த்தேன்.