துரைக்கிடா வந்த வருஷம்

தொட்டுவிட்டுக் கையை எடுத்தால், கழுவாத எண்ணெய்ச் சட்டியைப் பிடித்ததுபோல விரல்கள் பிசுபிசுக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பிடும்போது அந்த வாடை சோற்றோடு வாய்க்குள் வரும். மலைப்பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து காரட் மூடைகளோடு லாரியில் கோவில்பட்டிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ஊரில் வந்திறங்கிய மெரினோ என்ற கம்பளியாட்டுக் கிடாவை முதன்முதலாகத் தொட்டதில் என் நினைவில் நிற்பது அந்தப் பிசுக்குத்தான். வெள்ளைக்காரத் துரையின் டோப்பாபோலக் கண் மறைய முகத்தில் மயிர் சுருண்டு தொங்கிய அதற்குத் தெருவில் ‘துரைக்கிடா’ என்று பெயர் விழுந்தது.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கும் அவர் தம்பியான சித்தப்பாவுக்கும் ஒரே பட்டி. எல்லாம் உயரமும் ஒல்லியுமாக, வெள்ளை உடம்பில் செம்பொட்டுகள் இட்ட ‘பொட்டாடு’கள், சித்தப்பாவின் ஆடுகளுக்கு அடையாளமாக இடது காதில் ஒரு வெட்டு இருக்கும், மற்றபடி மேய்ச்சலும் காவலும் ஒன்றுதான். பொட்டாட்டில் கறியைத் தவிர வேறு வருமானம் இல்லை, மெரினோவோடு சேர்த்தால் பிறக்கும் குட்டி கறிக்கும் ஆகும், வருஷாவருஷம் கம்பளி மயிரும் தரும் என்று யாரோ ஒரு கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு வந்த நாளிலிருந்து அப்பா வேறு பேச்சே பேசவில்லை.

சித்தப்பா கிடாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “அண்ணே, இது குளிருக்குப் பொறந்தது. நம்ம வெயில்ல கம்பளியப் போத்திக்கிட்டு எங்கன மேயும்? ஒங்க ஆட்டோட சேத்துக்கிடுங்க. எம் ஆட்டுக்கு வேண்டாம்.”

“சரிலே, ஒன் ஆட்டுப் பக்கம் விடமாட்டேன்” என்றார் அப்பா.

பங்குனியில் சித்திக்குப் பிரசவம். எட்டயபுரத்துக்கு அப்பால் இருந்த அவள் ஊரில் போய்ச் சித்தப்பா தங்கியிருந்த நாட்களில், அப்பா துரைக்கிடாவைப் பட்டி முழுவதற்குமாக அவிழ்த்துவிட்டார். அம்மா தடுத்தாள். “குட்டி பொறக்கட்டும், அவனே வந்து சந்தோசப்படுவான் பாரு” என்றார். அவர் மனதில் களவு இல்லை. தம்பிக்கு நல்லது செய்வதாகவே முழுமனதாக நம்பினார். நம்பியதால்தான் பிற்பாடு ஒரு வார்த்தை இறங்கிப் பேசவும் அவரால் முடியாமல் போயிற்று என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஆவணியில் ஆடுகள் ஈனத் தொடங்கின. காது வெட்டிய தாயாடு ஒன்று தன் குட்டியை நக்கி முடித்ததும், அதன் முதுகில் ஈரத்தோடு சுருட்டை மயிர் எழும்பி நின்றது. சித்தப்பா அதைத் தூக்கி விரலால் மயிரைப் பிரித்துப் பார்த்தார். அடுத்த ஆட்டின் குட்டியும் அப்படியே இருந்தது.

“எப்பண்ணே?” என்றார்.

“நீ ஊருக்குப் போயிருந்தப்ப. ஒனக்கும் சேத்துத்தானலே செஞ்சேன்” என்று அப்பா சிரித்தார்.

“ஆடு கெடக்கட்டும். நான் வேண்டாம்னேன். நீங்க சரின்னிய.”

அன்றே சித்தப்பா தன் ஆடுகளைப் பிரித்து ஊருக்கு மறுபுறம் தனிப்பட்டி போட்டார். ஆடுகளுக்கு அது புரியவில்லை. பொழுது சாய்ந்தால் எங்கள் பட்டிக்கே வந்து நிற்கும். அவர் தள்ளி நின்று சீழ்க்கையடித்து அழைத்துப் போவார். அந்தச் சத்தம் ஓயும்வரை அப்பா வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் நனைந்தால் மனிதர் காலையே விடாது. பொட்டாடு உதறிவிட்டுப் போகிற சகதி, கலப்புக் குட்டிகளின் மயிரில் கட்டிகட்டியாக ஏறி, நெருஞ்சிமுள்ளும் சேர்ந்துகொள்ள, அவை பாரம் தாங்காமல் படுத்துவிட்டன. மயிர் வளர்ந்தால்தான் விலை, வெட்டக்கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். ஒருநாள் காலை துரைக்கிடா எழவே இல்லை. அம்மா தொடைப்பக்கத்து மயிரை விலக்கினாள். உள்ளே புழு நெளிந்தது.

புதியம்புத்தூரில் தையல் வேலை பார்த்த என் மாமா கொடுத்திருந்த, துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்து, “ஏட்டி, நிறுத்து” என்று அப்பா கத்தக் கத்த அம்மா வெட்டத் தொடங்கினாள். “உசுரு இருந்தாத்தான ஒங்களுக்குக் கம்பளி” என்றாள். புண் தெரிந்ததும் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, மழையோடு மழையாகச் சித்தப்பா வீட்டுக்கு ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன். “ஒங்க அண்ணனுக்காவ வரவேண்டாம். வாயில்லாச் சீவன் கெடந்து துடிக்குது” என்று வாசலில் நின்று அவள் சொன்னது இன்னும் கேட்கிறது.

சித்தப்பா வந்தார். வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் புண்ணில் ஊற்றினார். அப்பா தலையைப் பிடித்துக்கொள்ள, சித்தப்பா காலை அமுக்கிக்கொண்டார். இருவர் முகமும் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கிடா பிழைக்கவில்லை.

மிஞ்சிய குட்டிகளைக் கறி வியாபாரி தடவிப் பார்த்தார். “அண்ணாச்சி, கறிக்கு எடுத்துக்கிடுதேன். ஆனா இந்தத் தோலு போவாது. பொட்டாட்டுத் தோலுக்குத்தான் கிராக்கி.” வெட்டிய கம்பளி மயிரைக் கேட்க ஆளே வரவில்லை, சாக்கிலேயே கிடந்து மக்கியது. சித்தப்பாவின் குட்டிகளுக்கும் அதே கதிதான். அந்த வருஷம் சித்தி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பருத்தி எடுக்கக் கூலிக்குப் போனாள். எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அம்மா அந்த நேரம் பார்த்துக் கதவைச் சாத்திவிடுவாள்.

இன்று இரண்டு பட்டியும் இல்லை. ஆடுகள் மேய்ந்த காட்டில் சோலார் தகடுகள் வரிசையாக வெயில் காய்கின்றன. அப்பா என்னோடு கோவில்பட்டியில் இருக்கிறார். “அந்த வருசம் மட்டும் மழ பெய்யாம இருந்திருந்தா” என்று இன்னமும் சொல்கிறார். மழைக்கு ஏங்கியே வாழ்ந்த மனிதர் வாயில் அதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கும்.

போன மாதம் சித்தப்பாவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இத்தனை வருஷம் தம்பியோடு பேசாமலே இருந்த அப்பாவைக் கூட்டிப் போனேன். சித்தப்பா கண்ணைத் திறந்து, “வாங்கண்ணே” என்றார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அப்பா கட்டில் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்கன்னு சொன்னாம்லா? நீயும் கேட்டேல்லா?” என்றார்.

“கேட்டேம்ப்பா” என்றேன். வீடு வருவதற்குள் மறுபடியும் கேட்டார்.