காது மெஷினுக்காகச் சண்டை போட்ட ஷமீம் பானு

திங்கட்கிழமை காலை, வகுப்பில் பிள்ளைகளுக்கு உதட்டசைவு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஷமீம் பானுவின் தம்பி போன் செய்தார். "டீச்சர், அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள..."

நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கள் மையத்தின் வாட்ஸப் குழுவில் நிர்வாகியின் இரங்கல் செய்தி வந்துவிட்டது. 'நவீனத் தொழில்நுட்பத்தை மலை மக்களிடம் கொண்டு சேர்த்தவர்' என்று எழுதியிருந்தார். அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தத் தொழில்நுட்பத்தை அழிக்கச் சொல்லி அவருக்கு மெமோ கொடுத்தவர் இதே நிர்வாகிதான். இப்போது நினைவு மலருக்கு 'நல்லதா நாலு வார்த்தை' எழுதித் தரச் சொல்கிறார். நடந்ததை எழுதுவதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஷமீமை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் காது கேளாத பிள்ளைகளுக்கான எங்கள் மையத்தில் ஷமீம் பானு ஆடியாலஜிஸ்டாக இருந்தார். பிள்ளைக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து, அதற்கேற்பக் காது மெஷினைப் பொருத்துவது அவர் பணி. அப்பா கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தவர். கடையில் பேரம் பேசி வளர்ந்த அந்தக் குரல் அலுவலகக் கூட்டங்களிலும் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு ஒரு கொடையாளர் மூலம் நல்ல மெஷின்கள் வந்தன. வாங்கி மாட்டிவிட்டால் முடிந்துபோகும் பொருளல்ல அது. பிள்ளையின் கேட்கும் திறன் மாறும்போதெல்லாம் மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து, அதற்கென்று உள்ள மென்பொருளில் ஒலியை மாற்றி அமைக்க வேண்டும். சில வருடங்களில் மையத்துக்குப் புதிய கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றில் அந்தப் பழைய மென்பொருள் ஏறவில்லை. தயாரித்த நிறுவனம், 'அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புதிது வாங்குங்கள்' என்றது. நிர்வாகியோ, பிள்ளைகளிடமிருந்து மெஷின்களைத் திரும்ப வாங்கி வைத்துவிடச் சொன்னார்.

வெள்ளிமலைப் பக்கத்துப் பொன்னி அப்போது இரண்டாம் வகுப்பு. அவளுக்குக் கேட்பது இன்னும் குறைந்துபோயிருந்தது. மெஷினைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். "மாட்டுனாலும் ஒண்ணும் கேக்கலன்னு அழுவுறா மேடம்" என்றார் அவள் அம்மா.

ஷமீம் நேராக நிர்வாகியின் அறைக்குள் போய்க் கத்தினார். "மெஷின் பழசாயிடுச்சுன்னா புள்ளையும் பழசாயிடுமா சார்?"

அந்த வாரம் முழுவதும் அவர் சாப்பாட்டு வேளையிலும் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டரை உருவாக்கி, பழைய சிடியிலிருந்து பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதில் ஏற்றினார். எனக்கு விளங்கவில்லை. "ஒண்ணுமில்ல டீச்சர். புதுசு அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும். அதுக்குள்ள ஒரு ஜன்னல்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு ஓடும். சாஃப்ட்வேருக்கு வெளிய இன்னா இருக்குதுன்னே தெரியாது" என்றார். மென்பொருள் திறந்தது. ஆனால் காது மெஷினை இணைக்கும் பெட்டியைப் புதிய சிஸ்டமே பிடித்துவைத்துக்கொண்டு உள்ளே விடவில்லை. அதை உள்ளே விட வைப்பதற்குள் அவர் திட்டாத திட்டில்லை.

மெஷினைச் சரிசெய்து மாட்டிய அன்று, பொன்னிக்குப் பின்னால் நின்று அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பினாள். இன்னும் மெதுவாகக் கூப்பிட்டார். மறுபடியும் திரும்பினாள். "போதும் வுடுங்கம்மா, கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்று ஷமீம் சிரித்தார். அந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

சில மாதங்கள்தான். கம்ப்யூட்டர்களைச் சோதிக்க வந்தவர் அந்தப் பழைய சிஸ்டத்தைப் பார்த்துவிட்டு, இது பாதுகாப்பில்லை என்றார். நிர்வாகி அழைத்தார்.

"உள்ள இருக்கறதுக்கு நான் இன்டர்நெட்டே குடுக்கல சார். வைரஸ் எப்படி வரும்?" என்றார் ஷமீம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. மேலேர்ந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"மலையில புள்ளைங்களுக்குக் கேக்கலன்னா, அதுக்கு யாரு சார் பதில் சொல்றது?"

பதில், மெமோவாக வந்தது. மறுநாள் அவர் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தார்கள். மேசையைப் பிடித்தபடி நின்றிருந்தார். நாங்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம்.

அவர் குனியவில்லை. சொந்த மடிக்கணினியில் மறுபடி எல்லாவற்றையும் நிறுவினார். விடுமுறை நாட்களில் பஸ் ஏறி மலைக்குப் போய், பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து மெஷின்களைச் சரிசெய்தார். கூட யாராவது வர முடியுமா என்று மையத்தில் கேட்டார். "சொந்தப் பொறுப்பில் செய்வது மையத்தைச் சேராது" என்றார்கள். இன்று எது மையத்தின் பெருமையாகிவிட்டதோ, அதையேதான் அன்று அப்படிச் சொன்னார்கள்.

அவருடைய கல்லூரித் தோழி ஒருவர், அவரும் ஆடியாலஜிஸ்ட், விழுப்புரத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து அந்த வேலையைத் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறார். மடிக்கணினியை ஷமீமின் தம்பி அவரிடம் கொடுத்துவிட்டார். மையம் செய்யவேண்டியது இவ்வளவுதான்: அழித்ததைத் திரும்ப நிறுவி, அந்தத் தோழிக்கு ஒரு அறை கொடுக்க வேண்டும். அது முடியாதென்றால் இந்த மலரை அச்சடிக்க வேண்டாம்.

அடக்கத்துக்கு எடுத்துச் செல்லும் முன் மலையிலிருந்து சில தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள். பெண்கள் கூடியிருந்த அறையில் ஒரே அழுகை. பொன்னி வாசற்படியில் நின்று முகத்தைச் சுளித்தாள். சத்தம் தாங்காமல் மெஷினைக் கழற்றப் போகிறாள் என்று நினைத்து நான் அருகே போனேன். அவள் கழற்றவில்லை. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் மேடத்துக்காவ அழுவுறாங்களா டீச்சர்?" என்றாள்.

ஆமாம் ஷமீம், உங்களுக்காகத்தான். போய் வாருங்கள். அவளுக்கு எல்லாம் கேட்கிறது.