வரலாறு அக்காவும் மூன்றாவது அச்சும்

அவரை ஆய்வகத்தில் எல்லோரும் 'வரலாறு அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். படித்தது என்னவோ கணிதம். தொலைநோக்கி அனுப்பும் தரவை, எந்த நாட்டு வானியலாளரும் திறந்து படிக்கக்கூடிய ஃபிட்ஸ் கோப்புகளாகச் சேமிப்பது அவர் வேலை. அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் 'வரலாறு' என்று எழுத இடமுண்டு. தரவை யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று அதில் குறிக்கலாம். நாங்கள் காலியாக விட்டுவிடுவோம். அக்கா விடமாட்டார்.

ஒருமுறை அவரே ஒரு கோப்பில் நீளம், அகலம், நிறம் என்ற மூன்று அச்சுகளின் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டார். சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். "வரிசை மாறியது என் தவறு, மறுநாள் திருத்தினேன்" என்று தன் பெயரோடு எழுதிவைத்தார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். வீட்டிலும் இதே கூத்து, உப்பு டப்பாவில்கூட நிரப்பிய தேதி ஒட்டியிருக்கும். "என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிடும்மா" என்பாள் மகள்.

போன வருடம் புதிய இயக்குநர் வந்தார். கணினி வட்டுகளில் இடமில்லையாம். ஒரே நட்சத்திரத்தைப் பதினோரு ஆண்டுகள் பார்த்துச் சேர்த்த முப்பரிமாணத் தரவைத் தட்டையான படங்களாக்கி, மூலத்தை அழிக்கச் சொன்னார். நீளமும் அகலமும் மிஞ்சும். மூன்றாவது அச்சான நிறப்பிரிகை, அதாவது ஒளி நிறம் நிறமாகப் பிரிந்த பதிவு, போய்விடும். அது போனால் நட்சத்திரம் நம்மை நோக்கி வந்ததா, விலகியதா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. இது தவறு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"செய்ய மாட்டேன் சார்" என்றார் அக்கா.

"அப்போ நீங்க வீட்டுக்குப் போகலாம். வேற ஆள் செய்வாங்க."

"சரி, எப்படி வரும்னு ஒரு நகல்ல காட்டிடறேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

நாலு தட்டு தட்டினார். திரையில் படம் வந்தது. இயக்குநர் முகம் மலர்ந்தது. அக்கா தலைப்பகுதியைத் திறந்தார்: 'வரலாறு: மூன்றாவது அச்சு உத்தரவின்பேரில் நீக்கப்பட்டது. மூலம் அழிக்கப்பட்டது. மீட்க வழியில்லை.' பக்கத்தில் இயக்குநரின் முழுப்பெயர், முன்னெழுத்து உட்பட.

"என் பேர் எதுக்கு இதுல?"

"என் தப்புக்கு என் பேர் போட்டேன். உங்க முடிவுக்கு உங்க பேர். கோப்பு எந்த நாட்டுக்குப் போனாலும் இதுவும் கூடவே போகும் சார்."

"அந்த வரிய எடுங்க!"

"எடுக்கலாம். எடுக்கச் சொன்னது யாருன்னு கீழ இன்னொரு வரி எழுதணும்."

அவர் விருட்டென்று வெளியே போனார். அடுத்த வாரம் புதிய வட்டுகள் வந்தன. கூடவே, கீழ்ப்படியவில்லை என்று அக்காவுக்கு ஒரு மெமோவும். அவர் அசரவில்லை. அந்த நட்சத்திரத்தின் கோப்புகள் அத்தனையிலும் எழுதினார்: 'அழிக்கச் சொன்னார்கள். அழிக்கவில்லை.' கீழே தன் பெயர், தேதி.

அன்று நானும் முதன்முறையாக அதன்கீழ் ஒரு வரி சேர்த்தேன்: 'அப்போது அறையில் இருந்தேன். பேசவில்லை.' என் பெயரையும் போட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தார்.

"தேதி எங்க தம்பி?"